பிக் பெண்டில் நட்சத்திரம் பார்க்க: இடத்தை அப்புறம் பாருங்கள், முதலில் நிலாவைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஹூஸ்டனில் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், வீட்டில் 8 வயதுப் பெண் குழந்தை. 2027 மார்ச் 15 முதல் 19 வரை பள்ளி விடுமுறை. அதில் இரண்டு இரவு, மேற்கு டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிக் பெண்ட் நேஷனல் பார்க்கில் தங்கி நட்சத்திரம் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நிற்பது, எந்த டெலஸ்கோப் வாங்குவது? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் பயணத்தைக் கெடுக்கப் போவது இந்த இரண்டும் இல்லை. தேதிதான்.

இருட்டைப் பற்றிய கவலையை முதலிலேயே விட்டுவிடலாம். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவிலுள்ள தேசியப் பூங்காக்களில் செயற்கை வெளிச்சம் மிகக் குறைந்தது பிக் பெண்ட். 2012இல் சர்வதேச டார்க் ஸ்கை பார்க், அதாவது இருண்ட வானத்தைக் காக்கும் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் இந்தப் பூங்காவையும், பக்கத்து ஊர்களையும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளையும் சேர்த்து 15,000 சதுர மைலுக்கு மேல் ஒரே டார்க் ஸ்கை ரிசர்வாக அறிவித்தார்கள். ஃபோர்ட் டேவிஸ் பக்கம் இருக்கும் மெக்டொனால்ட் வானாய்வகம் அதன் நடு. அதைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில் தெருவிளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே சட்டம் உண்டு. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ‘இன்னும் இருட்டான இடம் எது’ என்று தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே உங்களுக்கு எதிரியாக வரக்கூடியவை மூன்று: நிலா, மேகம், உங்கள் கார் விளக்கு. முதலாவதை இன்றைக்கே கணக்குப் போட்டுவிடலாம். மூன்றாவது உங்கள் கையில். நடுவில் இருப்பதற்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நிலாவிலிருந்து தொடங்குவோம். 2027 மார்ச்சில் அமாவாசை 8ஆம் தேதி, திங்கள். வளர்பிறைப் பாதி நிலா 15ஆம் தேதி. அதாவது உங்கள் விடுமுறை தொடங்கும் அன்றே நிலா பாதி. வாரக் கடைசிக்குள் முக்கால் தாண்டிவிடும். பாதி நிலாதானே என்று நினைக்க வேண்டாம். மாசில்லாத இருட்டில் பாதி நிலா இருந்தால் உங்கள் நிழல் தரையில் விழும், பால்வீதி வெளுத்துப்போகும். பொதுவாகப் பாதி நிலா நள்ளிரவு வாக்கில் மறையும் என்பார்கள். மார்ச் மாதத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றும். அப்போது வளர்பிறை நிலா வானத்தில் வடக்கே உயர்ந்து போகும், அதனால் மறைய நேரமாகும். 15ஆம் தேதி இரவு அது மறையவே விடியற்காலை மூன்றரை மணிக்கு மேல் ஆகிவிடும். 18ஆம் தேதி வாக்கில் கிட்டத்தட்ட விடியும் வரை இருக்கும். குழந்தையும் பெரியவர்களும் விழித்திருக்கும் முன்னிரவு முழுக்க நிலவொளி. 600 மைல் ஓட்டிப்போய் நிலா பார்த்துவிட்டு வருவதாக ஆகும்.

எனவே முதல் யோசனை: இரண்டு நாள் லீவு போட முடியுமானால் மார்ச் 5 வெள்ளி முதல் 8 திங்கள் வரை போங்கள். அந்த நாட்களில் நிலா விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் எட்டிப்பார்க்கும், அல்லது வரவே வராது. அது முடியாவிட்டால் 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை அங்கே இருக்கும்படி பாருங்கள். அன்று பிறை நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். அதற்கும் வழியில்லை, 15க்குப் பிறகுதான் என்றால் முன்னிரவை மறந்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கத் தயாராகுங்கள். நிலா மறைந்ததற்கும் கிழக்கு வெளுக்கத் தொடங்குவதற்கும் இடையே 15, 16 தேதிகளில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். அதன் பிறகு அந்த இடைவெளியும் சுருங்கிவிடும். இன்னொன்று: மார்ச் 14ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்கள். பழைய நேரத்தை வைத்துப் போட்ட திட்டம் அன்றோடு ஒரு மணி பிசகும்.

இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம். அமாவாசைக்கு முந்தைய ஐந்து நாட்களும் பிந்தைய மூன்று நாட்களும் நல்ல நாட்கள். முந்தைய பக்கம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், தேய்பிறை நிலா பின்னிரவில்தான் வரும், நாம் தூங்கப் போயிருப்போம். ஒவ்வொரு நாளும் நிலா உதிப்பதும் மறைவதும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டுச் சுவரில் ஊர்க் காலண்டர் தொங்கினால் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய நேரத்துக்கும் டெக்சாஸ் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அமாவாசை ஒரு நாள் முன்பின் காட்டலாம். வானம் பார்க்க அந்த ஒரு நாள் பெரிய விஷயம் இல்லை.

காலண்டர் என்றதும் தோன்றுவது: நம் பண்டிகைகளில் தீபாவளி எந்த வருடமும் அமாவாசையை ஒட்டியே வரும். (கார்த்திகை தீபம் நேர் எதிர், அது பௌர்ணமி. அந்த வாரம் போகாதீர்கள்.) பிக் பெண்டில் மழைக்காலம் முடிந்து, வெயில் தணிந்து, குளிர் இன்னும் கடிக்கத் தொடங்காத காலமும் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதிதான். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 2027இல் அமாவாசை அக்டோபர் 29, வெள்ளி. ஸ்பிரிங் பிரேக் (மார்ச் பள்ளி விடுமுறை) கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதைவிட தீபாவளியை ஒட்டிய வார இறுதி எனக்கு எல்லா வகையிலும் மேலாகத் தெரிகிறது. கூட்டம் உச்சத்தில் இருப்பது மார்ச் நடுப்பகுதி, தேங்க்ஸ்கிவிங் வாரம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. 2026 தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 26. அதற்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி. கூட்டமும் உண்டு, நிலாவும் உண்டு. அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

எந்த மாதத்தில் என்ன தெரியும் என்பது அடுத்தது. படங்களில் பார்க்கும் அந்தப் பிரகாசமான, புடைத்த பால்வீதி நம் கேலக்ஸியின் மையப்பகுதி. அது தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது, வருடம் முழுக்கத் தெரியாது. பிக் பெண்ட் இருப்பது வடக்கு அட்சரேகை 29 டிகிரியில். அங்கிருந்து மையம் அதிகபட்சம் 32 டிகிரி உயரம் வரைதான் ஏறும், அதுவும் தெற்கில். மார்ச் முதல் வாரத்தில் அது பின்னிரவு மூன்று மணி அளவில் தென்கிழக்கில் உதித்து, ஐந்தரை மணிக்கு 25 டிகிரி வரை ஏறியிருக்கும். ஆறு மணிக்குச் சற்று முன் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். ஏப்ரல் நடுவில் ஒரு மணி வாக்கில் உதித்துவிடும். ஜூன், ஜூலையில் இரவு முழுக்கத் தெரியும், ஆனால் ஆற்றங்கரைப் பகுதியில் பகல் வெயில் 100 ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை வேறு. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற காலம் அது இல்லை. அக்டோபர் நடுவில், இருட்டும்போது மையம் தென்மேற்கில் 20 டிகிரி உயரத்தில் நிற்கும், இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். முன்னிரவிலேயே பார்த்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் வசதியான மாதம். நவம்பரில் மையம் போய்விடும். ஆனால் மேற்கில் கோடைகாலப் பால்வீதியின் மற்ற பகுதியும், தலைக்கு மேல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியும், கிழக்கில் கார்த்திகைக் கூட்டமும், ஒன்பதரை பத்து மணிக்குள் ஓரியன் நட்சத்திரக் கூட்டமும் ஒரே இரவில் கிடைக்கும்.

மார்ச்சில் மையத்துக்காக மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று சோர்ந்துபோக வேண்டாம். முன்னிரவில் வேறொன்று இருக்கிறது. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து மேற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து மங்கலான வெள்ளைக் கூம்பு ஒன்று கார்த்திகைக் கூட்டத்தின் பக்கமாகச் சாய்ந்து எழும். பலர் அதை ஏதோ ஊரின் வெளிச்சம் என்று நினைத்துவிடுவார்கள். அது சூரியனைச் சுற்றும் தூசியில் பட்டுச் சிதறும் வெயில். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மாலையில் மேற்கிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை விடியலில் கிழக்கிலும் நன்றாகத் தெரியும். ஹூஸ்டனில் வாழ்நாள் முழுக்க இருந்தாலும் பார்க்க முடியாது.

இனி எங்கே நிற்பது. பூங்காவுக்குள் மூன்று பெரிய முகாம்கள் இருக்கின்றன: மலைக்கிண்ணத்துக்குள் 5,400 அடி உயரத்தில் சிசோஸ் பேசின், ஆற்றங்கரையில் 1,850 அடியில் ரியோ கிராண்ட் வில்லேஜ், மேற்கே காட்டன்வுட். சிசோஸ் பேசின் அழகான இடம்தான். ஆனால் நாலாபக்கமும் மலை எழுந்து நிற்பதால் அடிவானம் தெரியாது. தாழ்வாக வரும் தென்வானப் பொருட்கள் எல்லாம் மலைக்குப் பின்னால் போய்விடும். மேலும் அங்கேயுள்ள லாட்ஜை இடித்துக் கட்டும் திட்டத்துக்காகப் பேசின் பகுதியையே நீண்ட காலம் மூடப்போவதாக அறிவிப்பு உண்டு, தேதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பூங்காவின் இணையதளத்தைப் பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ரியோ கிராண்ட் வில்லேஜ் சமதளம், கழிப்பறை உண்டு, பெட்ரோல் உண்டு, இரவில் மேலே இருப்பதைவிட 15 ஃபாரன்ஹீட் கதகதப்பாக இருக்கும். குறை என்னவென்றால் பக்கத்துக் கூடாரக்காரர் தொங்கவிடும் அலங்கார விளக்கு. முகாமிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்துவிட வேண்டும்.

ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப மூன்று இடங்கள். பூங்காவின் தலைமையகமான பாந்தர் ஜங்ஷனிலிருந்து வடக்கே 8 மைலில் ஃபாசில் டிஸ்கவரி எக்சிபிட், திறந்த வெளி. பாந்தர் ஜங்ஷனிலிருந்தே தென்கிழக்கே 6 மைலில் டக்அவுட் வெல்ஸ். மேற்கே ராஸ் மேக்ஸ்வெல் சாலையில் சோட்டோல் விஸ்டா, தென்மேற்கும் மேற்கும் அகலமாகத் திறந்திருக்கும், அந்த வெள்ளைக் கூம்பைப் பார்க்க இதுவே சரி. பூங்கா இரவிலும் திறந்திருக்கும், ஆனால் அனுமதிச்சீட்டு இல்லாத இடத்தில் காரிலேயே தூங்கக் கூடாது. பார்த்து முடித்ததும் தங்குமிடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு என் பரிந்துரை கூடாரம் இல்லை. மேற்கு வாசலுக்கு வெளியே டெர்லிங்குவா, ஸ்டடி பியூட் பக்கம் ஒரு வீடோ அறையோ எடுங்கள். அங்கேயும் வானம் கிட்டத்தட்ட அதே இருட்டு. பெரியவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுக்கலாம், கழிப்பறை பத்தடியில் இருக்கும், நீங்கள் மட்டும் மூன்று மணிக்கு எழுந்து வெளியே வரலாம். வாடகை எடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: வெளிவிளக்கை முழுதாக அணைக்க முடியுமா? அசைவைப் பார்த்து எரியும் விளக்கு வாசலில் இருந்தால் ஒவ்வொரு முறை கை அசைக்கும்போதும் கண் பாழ். முகாம்தான் வேண்டும் என்றால் முன்பதிவு கட்டாயம், 6 மாதம் முன்பே திறந்துவிடும், மார்ச் தேதிகள் சீக்கிரம் தீரும்.

இரண்டு இரவு போதுமா? மேகத்தைப் பொறுத்தது. ஒரு இரவு தெளிவாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் இரண்டு இரவில் ஒன்றாவது தெளிவாக அமைய 75 சதவீதம், மூன்று இரவுக்கு 87. கணக்கு அப்படிச் சொன்னாலும் மேகம் நாணயம் சுண்டுவது போல வருவதில்லை. ஒரு குளிர்காற்று அலை வந்தால் இரண்டு நாள் தொடர்ந்து மூடிவிடும். மூன்று இரவு வையுங்கள். ஒரு வாரம் முன்னால் சொல்லும் மேக முன்னறிவிப்பைப் பார்த்துக் கவலையும் பட வேண்டாம், சந்தோஷமும் பட வேண்டாம். 48 மணி நேரத்துக்கு உள்ளே வந்த பிறகுதான் அதற்கு மதிப்பு. சாதாரண வானிலை ஆப் ‘தெளிவு’ என்று காட்டும் இரவிலும் உயரத்தில் மெல்லிய மேகப் படலம் இருந்து பால்வீதியை அழித்துவிடும். வானியல்காரர்களுக்கென்றே உள்ள ஆஸ்ட்ரோஸ்பெரிக், கிளியர் டார்க் ஸ்கை ஆகிய இரண்டும் மேகத்தோடு காற்றின் தெளிவையும் தனியாகக் காட்டும். மார்ச், ஏப்ரலில் தூசிக்காற்று உண்டு. தூசி இருந்தால் தலைக்கு மேல் நன்றாகவும் அடிவானம் கலங்கலாகவும் தெரியும்.

பயணத்துக்கு வருகிறேன். ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ வழியாக ஏறத்தாழ 600 மைல். நிறுத்தி நிறுத்திப் போனால் பத்து, பதினொரு மணி நேரம். ஒரே நாளில் பெரியவர்களை உட்கார வைத்து ஓட்டினால் அன்றைய இரவு வீண். வழியில் ஃபோர்ட் ஸ்டாக்டனில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். விமானம் என்றால் மிட்லாண்ட் பக்கம். எல் பாசோவில் இறங்கினால் அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் இருக்கும், கவனம். மாராத்தான் என்ற ஊரிலிருந்து பாந்தர் ஜங்ஷனுக்கு 70 மைல், நடுவில் பெட்ரோல் கிடையாது. மாராத்தானிலோ ஆல்பைனிலோ டாங்கை நிரப்பாமல் தெற்கே திரும்பாதீர்கள். ஆஸ்பத்திரி ஆல்பைனில், பாந்தர் ஜங்ஷனிலிருந்து 100 மைல். அப்பா அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன். செல்போன் பெரும்பாலும் எடுக்காது. ஆற்றங்கரையில் எடுத்தால் அது மெக்சிகோ டவராக இருக்கக்கூடும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள். மேப்பை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், 7 நாளைக்கு; கார்டு மட்டும்தான் வாங்குவார்கள்.

நம்மவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று. பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும்போது 385, 118 இரண்டு சாலையிலும் எல்லைக் காவல் செக்போஸ்ட் உண்டு. நாட்டை விட்டு நீங்கள் எங்கும் போகவில்லை என்றாலும் காரை நிறுத்திக் குடியுரிமை கேட்பார்கள். குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எச்1பி, பெற்றோர் விசிட்டர் விசா என்றால் எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) பிரிண்ட்டும் காரின் முன்பக்கம் இருக்கட்டும். டிக்கியில் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் செக்போஸ்டில் இறங்கித் தேடாதீர்கள். போக்கியாஸ் என்ற எல்லைக் கடவை வழியாகப் படகில் மெக்சிகோ கிராமத்துக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருவது அங்கே பிரபலம். விசா ஸ்டாம்பிங் காலாவதியானவர்கள், ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர்கள் அதை வக்கீலிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். அதில் எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம்.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்களில் ஒரு நிறமி மெதுவாகச் சேர்வதுதான் அது. ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் நிறமி வெளுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் அந்தச் செல்களை அவ்வளவாகத் தொடாது, அதனால்தான் சிவப்பு டார்ச். அதிலும் மங்கலாக இருந்தால்தான் பயன், கடையில் விற்கும் பல ஹெட்லாம்ப்களின் சிவப்பு முழு வெளிச்சத்தில் கூசும்.

அனேகமாக எல்லோரும் கோட்டைவிடுவது காரில். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும். டிக்கியைத் திறந்தால் இன்னொன்று. சாவியை அழுத்தினால் நான்கு பக்கமும் பளிச்சென்று மின்னும். இஞ்சினைக் கிளப்பினால் முன்விளக்கு தானாக எரியும், இஞ்சினை நிறுத்தினாலும் முப்பது நொடி அணையாது. ஹூஸ்டனில் இருக்கும்போதே ஒரு இரவு கராஜில் நின்று இதையெல்லாம் சோதித்துப் பாருங்கள். உள்விளக்கு சுவிட்சை அணையுங்கள், அணையாததன் மேல் சிவப்புக் காகிதத்தை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டுங்கள். நிறுத்துமிடத்தில் வெளிச்சம் இருக்கும்போதே போய், கிளம்பும்போது ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாதபடி முகத்தை வெளிப்பக்கம் வைத்து நிறுத்துங்கள். ரிவர்ஸ் விளக்கு பக்கத்தில் கேமரா வைத்திருப்பவரின் அரைமணி வேலையைக் கெடுத்துவிடும். நடக்கும்போது மின்னும் காலணி உங்கள் பெண்ணிடம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கைக்கடிகாரத் திரையையும் அணைத்துவிடுங்கள்.

சிவப்பு வெளிச்சத்துக்கு ஒரு குறை உண்டு: மண் நிறப் பாம்பு மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் போகும். ஆகவே நாற்காலி போடும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதோ, கண் பழகுவதற்கு முன் வெள்ளை டார்ச் அடித்தோ ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். பிறகு அந்த வட்டத்தை விட்டு வெளியே போக வேண்டாம். ராட்டில்ஸ்னேக், தேள் இரண்டும் உண்டு. மூடிய ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். சாப்பாட்டு மணத்துக்கு ஹாவலீனா என்னும் பன்றி போன்ற விலங்கு கூடாரத்தைக் கிழித்துவிடும். மலைப் பகுதியில் கரடியும் உண்டு. புளியோதரை மிச்சத்தை முகாமின் இரும்புப் பெட்டியிலோ மூடிய காரிலோ வையுங்கள். திரும்பும்போது 45 மைல் வேக வரம்பைத் தாண்டாதீர்கள். மானும் ஹாவலீனாவும் சாலையில்தான் நிற்கும்.

கழுத்தை நிமிர்த்தி நின்று பார்த்தால் பத்து நிமிடத்தில் வலிக்கும். தலை சாயும் மடக்கு நாற்காலி ஆளுக்கு ஒன்று, இல்லையென்றால் தரையில் பாயும் ஜமுக்காளமும். மார்ச்சில் பகல் 75 ஃபாரன்ஹீட் இருந்தாலும் விடியற்காலை 40களுக்கு இறங்கும். அசையாமல் படுத்திருக்கும் உடம்புக்கு அது இன்னும் பத்து டிகிரி குறைவாகத் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் குரங்கு குல்லாவும் காலுறையும் இரட்டை கம்பளியும் கட்டாயம். குளிர்ந்துவிட்டால் அப்புறம் எந்தக் கேலக்ஸியைக் காட்டினாலும் ரூமுக்குப் போகலாம் என்பார்கள்.

டெலஸ்கோப் வாங்காதீர்கள். இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது. நூறு இருநூறு டாலர் டெலஸ்கோப்பின் ஸ்டாண்ட் காற்றில் ஆடும், எதையும் கண்டுபிடிக்க அரைமணி ஆகும், குழந்தைக்குப் பொறுமை போய்விடும். இவ்வளவு இருட்டில் மிகச் சிறந்த கருவி வெறுங்கண்தான், அடுத்தது பைனாகுலர். 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் லென்ஸ்) ஒன்று, கை நடுங்காமலிருக்க அதை ட்ரைபாடில் பொருத்தும் சிறு கொக்கி ஒன்று. குழந்தைக்கு எடை குறைந்த 8×42. பெரிய டெலஸ்கோப் வழியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மெக்டொனால்ட் வானாய்வகத்தில் வாரத்தில் சில இரவுகள் ‘ஸ்டார் பார்ட்டி’ நடத்துகிறார்கள். முன்பதிவு வேண்டும், பூங்காவிலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டம், போகும் வழியிலோ வரும் வழியிலோ ஒரு இரவாக வைத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்ப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படத்தில் இருக்கும் நீலமும் ஊதாவும் ஆரஞ்சும் கண்ணுக்குத் தெரியாது. மங்கலில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது என்பதால் பால்வீதி சாம்பல் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கிளை கிளையாகப் பிரியும் கருப்புப் பட்டைகள் தெரியும், அதை எந்தப் படமும் சரியாகக் காட்டுவதில்லை. மங்கலானதை நேராகப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். அந்தச் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கண்புரை இருந்தால் எவ்வளவு தெரியும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடும் கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பலர் இரவில் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

கேமரா இருந்தால் சுருக்கமாக: ட்ரைபாட், 14 முதல் 24 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200இலிருந்து தொடங்குங்கள். 300ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் வருவது விநாடி. 20க்கு 15 விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது. திரையில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் வரை வளையத்தைத் திருப்பி, அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். கை தெரியாமல் பட்டு அது நகர்ந்ததால் வீணான இரவுகள் அதிகம். போனில் என்றால் நைட் மோடு, ட்ரைபாட், டைமர், அவ்வளவே போதும்.

அப்பா அம்மாவுக்குக் காட்ட ஒன்று. மார்ச் முதல் வாரத்தில், இரவு எட்டேகால் மணிக்கு முழு இருட்டு கவியும் அதே நேரம் அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) நேர் தெற்கில் தன் உச்சத்தில் நிற்கும். உச்சம் என்றாலும் 8 டிகிரிதான், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த அகலத்துக்கும் கொஞ்சம் குறைவு. சென்னையில் அது 24 டிகிரி ஏறும். துருவ நட்சத்திரம் நேர்மாறு, ஊரில் 13 டிகிரியில் கட்டடங்களுக்குள் ஒளிந்திருப்பது இங்கே 29 டிகிரியில் நிற்கும். தெற்குச் சிலுவையின் உச்சி நட்சத்திரம் மட்டும் பின்னிரவில் அடிவானத்துக்கு மேல் எட்டிப்பார்க்கும், மலை மறைக்காத இடமாக இருந்தால். அதனால் நாற்காலிகளைத் தெற்குப் பார்த்துப் போடுங்கள், எட்டு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அகத்தியர் தென்மேற்கே சரிந்து தூசிக்குள் மங்கத் தொடங்கிவிடுவார்.